தலையா, தலைவரா? யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கும் தமிழ் வேதாகமங்கள்: வாங்குமுன் ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் வேதாகமம் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "கத்தோலிக்கமா, மற்றதா?" அடுத்துக் கேட்பது, "சிப் வைச்சதா, வைக்காததா?" இழுத்துப் பூட்டுகிற சிப் உறையைத்தான் சொல்கிறார். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் புத்தகம் கைக்கு வந்துவிடும். உள்ளே எந்த மொழிபெயர்ப்பு, கட்டு தைத்ததா ஒட்டினதா, எழுத்து என்ன அளவு என்று கேட்கிறவர் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டுபோக மட்டும் என்றால் அது போதும். குழுவாக இருந்து படிப்பதற்கென்றால் போதாது.

இந்த மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட தேவைக்காக எழுதப்படுகிறது. 'கிறிஸ்து சபைக்குத் தலை' என்ற விசுவாசத்தைப் படிக்கிற ஒரு குழுவுக்கு எந்தப் பதிப்பு உதவும், எது குழப்பும் என்பதே கேள்வி. கிறிஸ்துவைத் தலை என்றும் சபையை அவருடைய சரீரம் என்றும் சேர்த்துச் சொல்லும் இடங்கள் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதப்பட்ட இரண்டு நிருபங்களில்தான் இருக்கின்றன. எபேசியர் 6 அதிகாரம், 155 வசனம். கொலோசெயர் 4 அதிகாரம், 95 வசனம். நடுவில் பிலிப்பியர் மட்டும். ஆக, ஒரு வேதாகமத்தில் பத்துப் பதினைந்து தாள்களைப் பார்த்தாலே இந்தத் தேவைக்கு அது உதவுமா என்று கடையிலேயே முடிவுகட்டலாம்.

ஒப்பிட எடுத்தவை மூன்று வகை. ஒன்று, சீர்திருத்த சபைகளில் எல்லோரும் வைத்திருக்கும் 'பரிசுத்த வேதாகமம்', பழைய மொழிபெயர்ப்பு. இரண்டு, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து ஆக்கி 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்'. மூன்று, பிள்ளைகளுக்கென்றும் புதிதாக வாசிப்போருக்கென்றும் விற்கப்படும் எளிய நடைப் பதிப்புகள். இந்தக் கடைசி வகை பல பெயர்களில் வருவதால் ஒன்றாகவே சேர்த்துப் பேசுகிறோம்.

பழைய மொழிபெயர்ப்பைப் பற்றி யாழ்ப்பாணத்தார் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. 1850-இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுகநாவலரின் துணையோடு ஆக்கிய மொழிபெயர்ப்பு அச்சேறியது. தமிழகத்தில் அதை ஏற்கவில்லை. 'தற்காலிகப் பதிப்பு' என்ற பெயரோடு அது ஓரங்கட்டப்பட்டது. பிறகு போவர் ஐயரின் தலைமையில் குழு அமைத்துத் திருத்தி, 1871-இல் வெளிவந்ததுதான் இன்று கடையில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று கொடுக்கப்படுகிற நூல். அதன் வடமொழி கலந்த நடையைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் பலர். ஆனால் நம்முடைய விஷயத்தில் அது காட்டுகிற நுட்பம் பின்னால் வந்த பல பதிப்புகளில் இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

கொலோசெயர் 1:18-ஐத் திறவுங்கள். பழையது: "அவரே சபையாகிய சரீரத்துக்குத் தலையானவர்." திருவிவிலியம்: "திருச்சபையாகிய உடலுக்குத் தலை அவரே." பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தமிழில் 'தலையானவர்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. உடலின் மேல் இருக்கிற தலையாக ஆனவர் என்பது ஒன்று. 'தலையான கடமை' என்கிறோமே, அந்த அர்த்தத்தில் முதன்மையானவர் என்பது மற்றது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் திறந்துவைக்கிறது. திருவிவிலியம் ஒன்றை மூடிவிடுகிறது: உடல், அதற்குத் தலை, அவ்வளவுதான். முதற்தடவை படிக்கிறவருக்குத் திருவிவிலியம் தெளிவு. வசனத்தின் மிச்சப் பகுதியான "ஆதியும் மரித்தோரிலிருந்து எழுந்த முதற்பேறுமானவர்" என்பதோடு சேர்த்து யோசிப்பவருக்குப் பழையது கூடுதலாகக் கொடுக்கும். ஏனென்றால் கிரேக்கத்திலும் தலை என்ற 'கெஃபலே'யை அடுத்துத் தொடக்கம் என்ற 'ஆர்க்கே' வருகிறது. தலை என்றால் மேலே இருப்பது மட்டுமா, எல்லாம் புறப்படுகிற இடமுமா என்ற நீண்டகால விவாதம் இங்கேதான் கால் ஊன்றுகிறது.

அடுத்தது கொலோசெயர் 2:10. கடையில் நின்று பார்க்க நேரம் ஒரு நிமிடம்தான் என்றால் இந்த ஒரு வசனத்தையாவது பாருங்கள். கிரேக்கத்தில் இங்கேயும் அதே 'கெஃபலே'தான். ஆனால் பழைய மொழிபெயர்ப்பு, "சகல துரைத்தனங்களுக்கும் அதிகாரத்துக்கும் தலைவராயிருக்கிற அவருக்குள்" என்று எழுதுகிறது. சபை என்று வரும்போது தலை. துரைத்தனம், அதாவது ஆட்சி, என்று வரும்போது தலைவர். ஒரே கிரேக்கச் சொல்லை இரண்டு தமிழ்ச் சொல்லாகப் பிரித்ததை அசட்டை என்று தள்ளிவிட முடியாது. துரைத்தனங்கள் அவருக்குக் கீழ்ப்பட்டவை. அவருடைய உடல் அல்ல. சபை அவருடைய உடல். தலைவருக்கும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இடையில் இடைவெளி இருக்கலாம். தலைக்கும் உடலுக்கும் இடையில் இடைவெளி விழுந்தால் அதற்குப் பெயர் வேறு. துரைமார் ஆண்ட காலத்தில் செய்த மொழிபெயர்ப்பில் 'துரைத்தனம்' என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்: அரசாங்க அலுவலகமான கச்சேரியும் அதை நடத்திய ஏசண்டர் துரையும் கண்முன் வந்திருப்பார்கள்.

எளிய நடைப் பதிப்புகள் சில சறுக்குவது இங்கேதான். 'தலை' என்றால் பிள்ளைகளுக்கு விளங்காது என்று எண்ணி, சபையைப் பற்றிய வசனங்களிலும் 'தலைவர்' என்று போட்டுவிடுகிறார்கள். விளங்குகிறதுதான். ஆனால் விளங்குவது வேறொன்று. நம்மூரில் தலைவர் என்றால் யார்? சனசமூக நிலையத்துக்குத் தலைவர், கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர், பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். பொதுக்கூட்டத்தில் பெயர் முன்மொழிந்து வழிமொழிந்து வருகிறவர். அடுத்த வருடம் மாறுகிறவர். வராவிட்டால் உபதலைவர் கூட்டத்தை நடத்துவார். அந்தப் படத்தோடு எபேசியரை வாசித்தால் நிருபம் சொல்ல வந்தது கைநழுவிப் போகும். உங்கள் கையில் உள்ள எளிய நடைப் பதிப்பு எபேசியர் 1:22, 5:23 இரண்டிலும் என்ன சொல்லைப் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய மொழிபெயர்ப்புக்கும் இதே வகையில் ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. 'சபை' என்ற சொல் இங்கே பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் போய்விட்டது. கொலோசெயர் 1:18 வேறு, தலையானவர் என்றதை அடுத்து "எல்லாவற்றிலும் முதல்வராயிருக்கும்படி" என்று தொடர்கிறது. சபை, முதல்வர் இரண்டையும் ஒரே வசனத்தில் கேட்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மாநகர முதல்வர் நினைவுக்கு வந்தால் பிள்ளையில் பிழையில்லை. திருவிவிலியத்தின் 'திருச்சபை', 'முதன்மை' இரண்டும் இந்த இடத்தில் கைகொடுக்கும். சபை என்றால் வேதக்கோயில் கட்டடமும் அல்ல, ஆட்கள் என்பதை முதல் நாளே சொல்லிவைப்பதும் நல்லது.

எபேசியர் 1:22, 23 வசனங்களில் ஒரு நடைமுறைத் தொல்லை. போதகர் "எபேசியர் ஒன்று இருபத்திரண்டு, கிறிஸ்து சபைக்குத் தலை" என்பார். பழைய மொழிபெயர்ப்பில் 22-ஐத் திறந்தால் தலை இராது. "எல்லாவற்றையும் அவருடைய பாதங்களுக்குக் கீழ்ப்படுத்தி" என்பதோடு அந்த வசனம் நின்றுவிடும். தமிழ் வாக்கிய அமைப்பில் பயனிலை கடைசியில் வருவதால் தலை 23-ஆம் வசனத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது: "எல்லாவற்றையும் எல்லாவற்றாலும் நிரப்புகிறவருடைய நிறைவாகிய சரீரமான சபைக்கு அவரை எல்லாவற்றிற்கும் மேலான தலையாகத் தந்தருளினார்." திருவிவிலியத்தில் 22-இலேயே தலை இருக்கும், 23, திருச்சபையே அவரது உடல் என்று தனியாகத் தொடங்கும். இரண்டு பதிப்பும் கலந்து இருக்கிற குழுவில் "எனக்கு இல்லை" "எனக்கு இருக்கு" என்று ஐந்து நிமிடம் போய்விடும். முன்கூட்டியே '22–23' என்று சேர்த்து அறிவித்தால் தொல்லை இல்லை.

அந்தப் பழைய வாக்கியத்தை 22-இன் தொடக்கத்திலிருந்து ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். 'எல்லா' நாலு தடவை வரும், நாக்கு இடறும். கிரேக்க மூலத்திலும் அந்தச் சொல் நாலு தடவைதான். மொழிபெயர்த்தவர்கள் ஓசைக்காக ஒன்றையும் விடவில்லை. இன்னொன்று: கிறிஸ்து 'எல்லாவற்றிற்கும் மேலான தலை', அந்தத் தலையைத் தேவன் 'சபைக்கு'த் தந்தார். சபைக்கு மட்டும் மேலான தலை என்று அவசரத்தில் வாசிக்கிறவர் அதிகம். தருவதும் பெறுவதுமாக அந்த வாக்கியம் இருப்பதைப் பழைய பதிப்பு நன்றாகவே காட்டுகிறது. வாசிக்கிறவர் 'சபைக்கு' என்ற இடத்தில் சற்று நிறுத்தி, பிறகு 'அவரை' என்று தொடங்கினால் கேட்கிறவருக்கு விளங்கும்.

எபேசியர் 4:16-க்கு வந்தால் பழைய பதிப்புக்கே எங்கள் வாக்கு. "சகல கணுக்களினாலும் இசைவாய்க் கூட்டி இணைக்கப்பட்டு" என்கிறது அது. கணு என்றால் கரும்பில், மூங்கிலில் இருக்கிற கணு. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம். புதிய தளிர் வெடிக்கிற இடமும் அதுதான். மூலத்தில் உள்ள 'ஹஃபே' என்ற சொல் ஒன்றையொன்று தொடுகிற இடம், மூட்டு என்று பொருள்படும். திருவிவிலியம் இங்கே 'தசைநார்' என்று உடற்கூற்றுப் பாடத்தின் சொல்லைப் போட்டிருக்கிறது. தவறில்லை, ஆனால் தசைநார் இழுத்துப் பிடிக்கும், கணு வளரும். தலையினால் உடல் வளர்கிறது என்பதுதானே அந்த வசனம் சொல்ல வருவது. கொலோசெயர் 2:19-இலும் பழையது 'கணுக்களாலும் கட்டுகளாலும்' என்று அதே சொல்லைக் கொண்டுவருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே கையின் எழுத்து என்பது தெரியும். 'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்ற பழமொழியை விளக்கத்துக்கு எடுக்கிறவர்கள் கவனிக்கவேண்டியதும் இதைத்தான். பழமொழி முதன்மையோடு நின்றுவிடும். நிருபம் அதைத் தாண்டிப் போய், தலையிலிருந்து உடலுக்கு ஊட்டம் வருகிறது என்கிறது.

எபேசியர் 5. இங்கே மொழிபெயர்ப்பைவிட அச்சு அமைப்புத்தான் ஆபத்து. 21-ஆம் வசனம்: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." 22 மனைவிகளுக்கு. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-ஆம் வசனத்துக்குச் சொந்தமாக வினைச்சொல்லே இல்லை. 21-இல் உள்ளதைத்தான் கடன்வாங்கிக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பை வைக்கிற பதிப்புகள் உண்டு. அந்தத் தலைப்பு ஒரு சுவர். சுவருக்கு அப்பால் இருக்கிற 'ஒருவருக்கொருவர்' காணாமல் போய்விடும். 23-இல் "கிறிஸ்து சபைக்குத் தலையாயிருக்கிறதுபோல, புருஷனும் மனைவிக்குத் தலையாயிருக்கிறான்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு அது வசதி. அந்தத் தலை என்ன செய்தது என்பது 25-இல் இருக்கிறது: தம்மையே ஒப்புக்கொடுத்தது. தலைப்பு 21-க்கு முன்னால் இருக்கும் பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள். கையில் இருப்பது அப்படி இல்லையென்றால், பென்சிலால் 20-க்கும் 21-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டுத் தலைப்பை அம்புக்குறியால் மேலே ஏற்றிவிடலாம். பழைய பதிப்பின் "உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்" என்ற தொடருக்கு இளைஞர்கள் சிரிப்பார்கள். அது அந்தக் கால வேற்றுமை உருபு, எண்ணிக்கை பற்றியதல்ல என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒத்தவாக்கியப் பதிப்பு வாங்குவது நல்லது. வசனத்தின் ஓரத்திலோ அடியிலோ தொடர்புள்ள வசன எண்களைத் தருகிற பதிப்பு அது. கொலோசெயர் 1:18-க்கு எபேசியர் 1:22, 4:15, 5:23 மூன்றும் இருக்கவேண்டும். வெளிப்படுத்தல் 1:5 இருந்தால் முதற்பேறு என்பதற்கு உதவும். ஆனால் 1 கொரிந்தியர் 12-க்கும் அந்த எண்கள் அனுப்பிவிடும். அங்கே போகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். 1 கொரிந்தியர் 12-இலும் சபை சரீரம்தான். ஆனால் அங்கே தலை, கண், காது எல்லாம் சபையாரே. "தலையானது கால்களை நோக்கி: நீங்கள் எனக்கு வேண்டுவதில்லையென்றும் சொல்லக்கூடாது" என்று 21-ஆம் வசனம் சொல்கிற தலை கிறிஸ்து அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் கிறிஸ்துவும் உறுப்புகளில் ஒன்று என்கிற மாதிரி ஆகிவிடும். படிப்புக் குழுக்களில் அடிக்கடி நடக்கிற பிழை இது. கொரிந்தியரை, இந்தப் படிப்பின் நாலு வாரமும் முடிந்தபின், ஐந்தாவது வாரத்துக்குத் தள்ளிவைப்பதே சுகம்.

கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து படிப்பது யாழ்ப்பாணத்தில் அபூர்வமல்ல. அப்படியானால் பெயர்ப் பட்டியல் ஒன்றை முன்னட்டையின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். நிருபம் திருமுகமாகும், கொலோசெயர் கொலோசையராகும், சங்கீதம் திருப்பாடல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். தேவனும் கர்த்தரும் கடவுளும் ஆண்டவரும் ஆவார்கள். பழையதில் 66 நூல். கத்தோலிக்கர் பாவிக்கும் திருவிவிலியத்தில் 73. நம்முடைய இரண்டு நிருபங்களில் வசன எண் மாறாது.

இப்படிச் சேர்ந்த குழுவில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: கிறிஸ்து தலை என்றால் பாப்பரசர் யார்? கேட்கிறவர் சண்டைக்குக் கேட்டாலும் விடை சொற்களிலேயே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டின் 7-ஆம் பத்தி, இந்த உடலின் தலை கிறிஸ்து என்கிறது. 18-ஆம் பத்தி பாப்பரசரை முழுத் திருச்சபையின் காணக்கூடிய தலைவர் என்கிறது. லத்தீனில் இரண்டு இடத்திலும் 'காப்புத்' என்ற ஒரே சொல். தமிழில் பேசும்போது நாம் தலை, தலைவர் என்று பிரித்துக்கொள்ள முடிகிறது. அங்கிலிக்கருக்கும் இதே பிரச்சினை வந்து போயிருக்கிறது. 1534-இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபையின் 'மேலான தலை' என்று சட்டம் போட்டுக்கொண்டார். 1559-இல் முதலாம் எலிசபெத் அந்தச் சொல்லை விட்டு 'மேலான ஆளுநர்' என்று மாற்றிக்கொண்டார். தலை என்பது கிறிஸ்துவுக்குரிய பெயர் என்ற ஆட்சேபம் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஒரு சொல்லுக்காக ஒரு அரசி இறங்கிவந்த கதையை அறிந்தவர் 'தலைவர்' என்ற சொல்லை எபேசியரில் இலேசாக எடுக்கமாட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தாருக்கு இது இன்னொரு விதத்தில் கிட்டிய விஷயம். 1947 செப்டெம்பர் 27-இல் அந்தத் திருச்சபை பல மரபுகளை இணைத்து உருவானபோது, இந்தியாவுக்கு வெளியே இருந்த ஒரே ஆதீனம் இதுதான், பேராலயம் வட்டுக்கோட்டையில். தேசம் இரண்டு, உடல் ஒன்று என்பதற்கு எபேசியர் 4-ஐ வாசிக்கும்போது உதாரணம் தேடி எங்கும் போகவேண்டாம்.

இனிப் புத்தகம் என்ற பொருளுக்கு வருவோம்.

கட்டுத்தான் முதலில் பார்க்கவேண்டியது. புத்தகத்தை நிமிர்த்தி முதுகின் மேல்முனையைப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புகளாக, பிறை வடிவில் அடுக்கியிருந்தால் தைத்த கட்டு. ஒரே தட்டையாகப் பசையில் நின்றால் ஒட்டின கட்டு. ஐயமென்றால் எங்கேயாவது ஒரு மடிப்பின் நடுப்பக்கத்தைத் திறந்து நூல் தெரிகிறதா என்று பாருங்கள். எபேசியர் வேதாகமத்தின் கடைசிப் பகுதியில் இருப்பதால், அதைத் திறந்து மேசையில் வைத்தால் இடப்பக்கம் பெரும் பாரமாகவும் வலப்பக்கம் விரல்தடிப்பாகவும் இருக்கும். பாரம் முழுதும் பின்னட்டையின் மூட்டில் விழும். ஒட்டின கட்டென்றால் வாராவாரம் இப்படித் திறக்க, பின்னட்டை முதலில் விடும், பிறகு வெளிப்படுத்தல் தாள்தாளாக வரும். இடப்பக்கத்தின் பாரம் வலப்பக்கத்தை இழுக்காமல் இருக்க, வலது அட்டைக்குக் கீழே ஒரு கொப்பியை வைத்து மட்டப்படுத்தினால் கட்டு பிழைக்கும்.

எழுத்து அளவு 9 புள்ளிக்குக் குறைந்தால் வேண்டாம். மெல்லிய தாளில் சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். 'சரீரத்துக்குத்' போன்ற சொல்லில் வாசிப்பவர் தடுக்கி நிற்பது அதனால்தான். அறுபது தாண்டியவர்களுக்கு 11 அல்லது 12 புள்ளி. தாளின் பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறதா என்பதை ஒரு தாளை மட்டும் தூக்கி, பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜெல் பேனை, தடித்த நிறப்பேனை இரண்டும் மறுபக்கம் ஊறும். மழுங்கிய பென்சிலோ நிறப்பென்சிலோ போதும். தலை வருகிற இடத்துக்கு ஒரு நிறம், சரீரம் வருகிற இடத்துக்கு ஒரு நிறம். இரண்டு நிருபத்தையும் குறித்து முடிக்கும்போது கண்ணுக்கே தெரியும்: தலை வருகிற பக்கத்தில் சரீரமும் அநேகமாகக் கூடவே இருக்கும்.

சிப் உறை பற்றி. குருநகர், பாசையூர் போலக் கடலோரத்தில் இருக்கிறவர்கள் உலோகச் சிப்பை வாங்கவேண்டாம். உப்புக்காற்றில் பச்சை பூத்து இறுகி, ஒருநாள் இழுக்கும்போது தையலோடு வரும். பிளாஸ்ரிக் பல் உள்ளது நிற்கும். றெக்சின் அட்டை வெக்கையில் இளகிப் பக்கத்தில் இருக்கும் புத்தகத்தோடு ஒட்டும். அலுமாரியில் நடுவில் ஒரு கடதாசியை வைக்கலாம். கார்த்திகை, மார்கழி மழையில் சுவரோடு ஒட்டி அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். வெள்ளிமீன் பூச்சி வருவது பசைக்கு. நிழலில் நன்றாகக் காயவைத்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஈர இலை வைத்தால் கறை பிடிக்கும்.

எட்டுப் பேர் குழுவுக்கு எங்கள் சிபாரிசு: பழைய மொழிபெயர்ப்பு, ஒத்தவாக்கியத்தோடு, தைத்த கட்டு, நாலு. திருவிவிலியம் நாலு. இருவர் இருவராக, ஆளுக்கு ஒன்று. எளிய நடை ஒன்றே ஒன்று, நடத்துகிறவர் கையில் மட்டும். விளங்காத இடத்தில் எடுத்து வாசிக்கலாம், 'தலைவர்' வந்தால் நிறுத்திப் பேசலாம். ஒன்றுதான் வாங்கமுடியும் என்கிற வீட்டுக்குத் திருவிவிலியம். வயது வந்தவர்கள் மட்டும் இருந்து கொலோசெயர் 2:10-இன் நுட்பத்தைப் பேசப்போகிறார்கள் என்றால் பழையது. பரிசளிப்பு விழாவுக்காக மொத்தமாக வாங்குகிறவர்கள் எளிய நடையை எடுப்பது வழக்கம். எபேசியரைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

நாலு வாரத்தில் முடிக்கலாம். முதல் வாரம் கொலோசெயர் 1:15–20, இரண்டாவது எபேசியர் 1:15–23, மூன்றாவது எபேசியர் 4:1–16-ஓடு கொலோசெயர் 2:8–19, நாலாவது எபேசியர் 5:21–33. ஒவ்வொரு முறையும் முதலில் பழையது, பிறகு திருவிவிலியம், இரண்டையும் சத்தமாக. அதன்பிறகே பேச்சு. ஒரு மணி நேரத்தில் வாசிப்புக்குப் பத்து நிமிடத்துக்குமேல் போகாது. மூன்றாவது வாரம்தான் நீளும். அன்றைக்குத் தேத்தண்ணியைக் கடைசியில் வையுங்கள்.

அதே கடைகளில் விற்கும் சுவர்ப் பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கிறிஸ்து இந்த வீட்டின் தலைவர்' என்று தொடங்கும் வாசகம் நம்மவர் வீடுகளில் நிறைய உண்டு. அது வேத வசனம் அல்ல, பக்தி வாசகம். வீட்டுக்குத் தலைவர் என்பது தமிழில் சரியான வழக்கு, தொங்கவிடத் தடையில்லை. ஆனால் கீழே 'எபேசியர் 5:23' என்று அச்சடித்த பலகைகளும் வருகின்றன. அந்த வசனத்தில் வீடு இல்லை. எண் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, புதிதாக ஒன்றும் வாங்காமலே தொடங்கலாம். பாட்டா, அம்மம்மா காலத்துப் பழைய வேதாகமம் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். பெரும்பாலும் 1871-இன் மொழிபெயர்ப்புத்தான் அதிலும். தாள் மஞ்சளித்திருந்தாலும் அந்தக் காலத் தையல் அநேகமாக இன்னும் இறுக்கமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தடங்கல்: பழைய அச்சில் லை, ளை, னை, ணை நாலும் யானைத் துதிக்கை போட்ட எழுத்துகள். 'தலை' என்ற சொல்லே அந்த எழுத்தில்தான் இருக்கும். கொலோசெயர் 1:18-ஐத் திறந்து, விரலை வைத்து, துதிக்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால் மிச்சத்தை அவர்களே வாசித்துக்கொள்வார்கள்.